அணையைக் கேட்டோம், காலடி மண்ணைக் கேட்டோமா?

(தேனியில் பொதுமக்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கொத்தனார் அண்ணன்மார்கள் வேலை முடித்து முகம் கழுவிய கையோடு வந்திருக்கிறார்கள், பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள், கூடலூருக்கும் கம்பத்துக்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டே தாய்மார்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். பஸ்ஸை விட்டுவிடாதபடி முடித்துவிடுகிறேன்.

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நிலநடுக்கம். பயப்பட வேண்டாம், ஜோசியம் சொல்ல வரவில்லை. நிலநடுக்கம் எந்த நாள் வரும் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே கிடையாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வந்தால் எங்கே அதிகம் ஆடும், எங்கே குறைவாக ஆடும், ஏன் என்பதுதான் என் பேச்சு. நிலநடுக்கம் ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான். ஒரு தெருவில் அலமாரிப் பாத்திரம் கிணுகிணுத்து நின்றுவிடுகிறது. அடுத்த தெருவில் சுவர் விழுகிறது. எப்படி?

நம் மாவட்டத்தில் நிலநடுக்கம் என்ற பேச்சை எடுத்தால் கேட்கிறவர் கண் எந்தப் பக்கம் திரும்பும்? மேற்கே திரும்பும். குமுளி மலைக்கு அப்பால், பென்னிகுவிக் கட்டிய, 1895இல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணைப் பக்கம் திரும்பும்.

1988 ஜூன் 7. கம்பம்மெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் வரும் நெடுங்கண்டம் பகுதி 4.5 அளவில் அதிர்ந்தது. அணைக்கு என்ன ஆச்சு என்று கேட்டோம். 2000 டிசம்பர் 12. ஈராற்றுப்பேட்டைப் பக்கம் 5.0. அணைக்கு என்ன ஆச்சு என்று கேட்டோம். நாலு வாரம்கூட ஆகவில்லை, 2001 ஜனவரி 7 அன்று அதே வட்டாரத்தில் 4.8. மறுபடியும் அணைக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்டோம். 2011இல் இடுக்கியில் அடுத்தடுத்துச் சின்ன அதிர்வுகள் வந்தபோது தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து கேட்டன. அணை வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு, நிலநடுக்கத்தையும் கணக்கில் எடுத்து, அணை பத்திரமாக இருக்கிறது என்று 2012இல் அறிக்கை தந்தது. 2014 மே 7 தீர்ப்பில் 142 அடி வரை தண்ணீர் தேக்கும் அனுமதி கிடைத்தது.

அணையைப் பற்றிக் கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அத்தனை வருஷத்தில், அத்தனை கூட்டத்தில், ஒருவராவது எழுந்து, ‘ஐயா, அணை நிற்பது பாறைமேல், என் வீடு நிற்பது எதன்மேல்?’ என்று கேட்டாரா? குறிஞ்சியில் நிற்கும் அணையைக் கேட்டோம். மருதத்தில் நிற்கும் மனையைக் கேட்டோமா?

அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நிலநடுக்கம் கிளம்புவது பூமிக்குள், பல கிலோமீட்டர் ஆழத்தில். பாறை உடைந்து வழுக்குகிறது, அலை புறப்படுகிறது. அதில் பக்கவாட்டில் உலுக்குகிற அலைதான் கட்டடத்துக்கு எமன். நல்ல கெட்டிப் பாறையில் அது வினாடிக்கு 3 கிலோமீட்டர் ஓடும். அதே அலை ஆற்று வண்டலில் ஏறினால் வினாடிக்கு 200 மீட்டர், 300 மீட்டர். குளத்துச் சேற்றுக் களியில் 100 மீட்டருக்குக்கூட இறங்கிவிடும். ஓட்டம் குறைந்துவிட்டது, சரி. கொண்டுவந்த சக்தி எங்கே போகும்? ஓட்டத்தில் செலவாகாதது ஆட்டத்தில் செலவாகிறது. வேகம் குறையக் குறைய வீச்சு கூடுகிறது. பாறையில் அரை அங்குலம் ஆட்டிய அலை, மண்ணில் ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் ஆட்டும்.

அதோடு விட்டதா? இல்லை. மண்ணுக்குள் ஏறிய அலை தரைமட்டத்தில் முட்டிக் கீழே திரும்புகிறது. கீழே பாறை இருக்கிறது. அதில் முட்டி மறுபடி மேலே வருகிறது. மேலும் கீழும் அலைகிறது. பாறைமேல் இருப்பவன் பத்து வினாடியில் ஆட்டம் தீர்ந்து வெளியே வந்து நிற்பான். மண்மேல் இருப்பவனுக்கு ஆட்டம் இன்னும் முடிந்திருக்காது.

மெக்சிகோ நகரத்துக்குப் போவோம். உலகத்தில் நிலநடுக்கம் படித்த யாரைக் கேட்டாலும் முதலில் அந்த ஊரைத்தான் சொல்வார்கள்.

அந்த ஊர் ஒரு ஏரி. ஆஸ்டெக் மக்கள் டெஸ்கோகோ ஏரிக்குள் ஒரு தீவில் தலைநகர் கட்டி வாழ்ந்தார்கள். ஸ்பானியர் வந்தார்கள், பிடித்தார்கள், நாளடைவில் ஏரியை வடித்து அதன்மேலேயே நகரத்தைப் பரப்பினார்கள். கீழே பல பத்து மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊறிய களிமண். 1985 செப்டம்பர் 19 காலை, ஏழு மணி கடந்த நேரம். பசிபிக் கடற்கரை ஓரம் 8.0 அளவில் ஒரு நிலநடுக்கம். நகரத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல். தேனியில் இருந்து சொன்னால், கிட்டத்தட்ட பாண்டிச்சேரித் தூரம். அவ்வளவு தூரம் வந்து அலை எவ்வளவோ தேய்ந்துவிட்டது. நகரத்தின் தென்பகுதியில் பாறைமேல் இருக்கிறது அவர்கள் பல்கலைக்கழகம். அங்கே வைத்திருந்த கருவி காட்டிய அதிர்வு, புவியீர்ப்பில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு. அதே நகரத்தில், ஏரிப் படுகைமேல் இருந்த கருவி காட்டியது? நூற்றுக்குப் பதினேழு பங்கு. ஊர் ஒன்று, நேரம் ஒன்று, நிலநடுக்கம் ஒன்று. நாலைந்து மடங்கு வித்தியாசத்தைப் போட்டது யார்? அடியில் கிடந்த களிமண்.

ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். இடிந்தவற்றின் கணக்கு எடுத்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள் பல நின்றிருந்தன. நாற்பது மாடிக்கு மேல் போன லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் நின்றது. விழுந்தவற்றில் பெரும்பாலானவை ஆறு மாடியிலிருந்து பதினைந்து மாடி வரை. சின்னதையும் விட்டது, பெரியதையும் விட்டது, நடுவில் இருந்ததைப் பிடித்தது. ஏன்?

இங்கே தாய்மார்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது கைப்பழக்கம். தூளியில் பிள்ளை கிடக்கிறது. தூளிக்கென்று ஒரு போக்கு இருக்கிறது. போய்த் திரும்ப இவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு. அது திரும்பி வரும் நேரம் பார்த்து ஒரு விரலால் தள்ளினால் போதும், வீச்சு கூடிக்கொண்டே போகும். நேரம் தப்பித் தள்ளினால் இரண்டு கையால் தள்ளினாலும் ஆடாது, பிள்ளைதான் அழும். மண்ணுக்கு ஒரு போக்கு உண்டு, கட்டடத்துக்கும் ஒரு போக்கு உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் கட்டடத்துக்குக் கேடு.

மெக்சிகோ ஏரிக்களியின் போக்கு இரண்டு வினாடி. ஒரு மாடிக்குப் பத்தில் ஒரு வினாடி என்பது பொறியாளர்கள் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பத்து மாடிக் கட்டடத்தின் போக்கு ஒரு வினாடி. ஆட ஆட விரிசல் விட்டு, விரிசல் விட்ட கட்டடம் தளர்ந்து, ஒரு வினாடி ஒன்றரை ஆகி, இரண்டை நெருங்கி, மண்ணின் பிடிக்குள் வந்து மாட்டியது.

சரி, அப்படியானால் சின்ன வீட்டுக்காரர்கள் நிம்மதியாகப் போகலாமா? ‘எங்க வீடு ஒரு மாடிதானே’ என்று எழுந்திருக்க வேண்டாம். 2017இல், அதே மெக்சிகோவில், அதே செப்டம்பர் 19ஆம் தேதி, மறுபடி வந்தது. 7.1 அளவு, இந்த முறை கிட்டத்தில். களிமண் அவ்வளவு ஆழமில்லாத ஏரி ஓரத்துப் பகுதிகளில் அடி விழுந்தது. இந்த முறை பிடிபட்டவை நாலு மாடி முதல் ஏழு மாடி வரையிலானவை. மண் ஆழம் குறைந்தால் போக்கு குறுகும். போக்கு குறுகினால் பிடிபடுவது குட்டைக் கட்டடம். காட்மாண்டுவும் ஒரு பழைய ஏரிப் படுகைதான். 2015 ஏப்ரல் 25 அன்று அந்தப் பள்ளத்தாக்கு நாலைந்து வினாடிக்கு ஒரு முறை என்று மெல்ல, நீளமாக ஆடியது. உயரமான தரஹரா கோபுரம் சரிந்தது. சின்ன வீடுகள் பயந்த அளவுக்கு விழவில்லை. ஆழமான படுகை நெட்டையைத் தேடுகிறது, ஆழமில்லாத படுகை குட்டையைத் தேடுகிறது.

நம் பள்ளத்தாக்கு எதைத் தேடும்?

ஒரு பக்கம் ஏலமலை, இன்னொரு பக்கம் மேகமலை, வருசநாட்டு மலை. வடக்கே பழனிமலை. நடுவில் முல்லையாறும் சுருளியாறும் கொட்டகுடியும் வராகநதியும் கொண்டுவந்து கொட்டிய மண். மலையடிவாரத்தில் சரிந்து கிடக்கும் சரளையும் உருண்டைக் கல்லும். ஆற்றை நெருங்க நெருங்க வண்டல், களி, மணல். அதற்கும் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழே சார்னோகைட், நைஸ் என்று நிலவியலாளர் சொல்லும் கெட்டிப் பாறை. எத்தனை கெட்டி என்றால், போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் பக்கம் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் தேடி வந்ததற்கு ஒரு காரணம் அந்தப் பாறை. கரூர், கம்பம், பைனாவு, திருச்சூர் என்று ஊர்ப் பெயர்களைக் கோத்து ஒரு பழைய நிலப்பிளவு வரிசையை ஆராய்ச்சியாளர்கள் பேசுகிறார்கள். அது பல கோடி வருஷத்துக்கு முந்திய சங்கதி. அதைக் கேட்டு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாறைக்கு மேல் மண் எத்தனை ஆழம்? இதற்கு லேப் வேண்டாம், வெளிநாட்டுக் கருவி வேண்டாம். போர் லாரி போதும். மனை வாங்கினால் நாம் முதலில் செய்வது என்ன? தேங்காய் உருட்டி, எலுமிச்சம்பழம் சுழற்றி, போர் போடுவது. லாரி வந்து நிற்கிறது, கம்பி இறங்குகிறது. முதலில் செம்மண் தூள், பிறகு ஈரக்களி, பிறகு சரளை, பிறகு மஞ்சளாக மக்கிய கல். வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். டிரில்லர் தம்பி திரும்பிச் சொல்கிறான்: ‘அண்ணே, கேசிங் அறுபது அடி போகும் போலருக்கு.’ வீட்டுக்காரர் முகம் சுருங்குகிறது. பைப் காசு கூடிவிட்டதே என்ற கவலை! பிறகு சத்தம் மாறுகிறது, வெள்ளைப் புகையாகக் கல்மாவு பறக்கிறது. பாறை வந்துவிட்டது.

மண் சரியாமல் பாறை வரை இறக்கிய அந்த அறுபது அடிக் குழாய்தான் உங்கள் வீட்டு நிலநடுக்க ஜாதகம். தம்பி, தங்கைகளே, எழுதிக்கொள்ளுங்கள். மண் ஆழத்தை நாலால் பெருக்கி, அலை வேகத்தால் வகுத்தால் மண்ணின் போக்கு கிடைக்கும். அறுபது அடி என்பது 18 மீட்டர். நாலு மடங்கு 72. அலை வேகம் வினாடிக்கு 250 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 72ஐ 250ஆல் வகுத்தால் 0.29. ஏறக்குறைய பத்தில் மூன்று வினாடி. பத்தில் மூன்று வினாடி எத்தனை மாடிக் கட்டடத்தின் போக்கு? மூன்று மாடி. கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே வாடகைக்கு ஒரு வீடு. தேனியிலும் கம்பத்திலும் போடியிலும் மெயின் ரோட்டில் வரிசையாக நிற்பது எது? அதேதான்.

கேசிங் மக்கிய பாறையையும் தாண்டித்தான் நிற்கும். மக்கிய பாறையில் அலை கொஞ்சம் வேகமாக ஓடும். அதனால் இது சுத்தமான கணக்கு இல்லை, கைக்கணக்கு. ஆனாலும் கைக்கணக்கு காட்டும் திசையைப் பாருங்கள். மெக்சிகோவின் மண் பத்து மாடியைத் தேடியது. நம் மண் நம் வீட்டையே தேடுகிறது.

‘அவ்வளவு பெரிய நிலநடுக்கம் இங்கே எங்கே வருகிறது?’ என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுக்கிறார். நியாயமான கேள்வி, ஐயா. எட்டு அளவு நமக்கு வராது. தீபகற்ப இந்தியாவின் கணக்கு வேறு, இமயமலையின் கணக்கு வேறு. ஆனால் 1900 பிப்ரவரி 8 அன்று அதிகாலை கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது ஏறக்குறைய 6. நமக்குப் பெரிதாகத் தெரிந்த ஈராற்றுப்பேட்டை 5. ஒரு எண் கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு. ஒரு முறை வந்த இடத்துக்கு மறுபடி வராது என்று பாறை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. 2016 இந்தியத் தர நிர்ணய நிலநடுக்க வரைபடத்தில் கேரளம் முழுவதும், நடுத்தர ஆபத்தைக் குறிக்கும் மூன்றாம் மண்டலத்தில் இருந்தது. மாநில எல்லையில் நிற்கிற செக்போஸ்டில் அலை நின்று கைகாட்டிவிட்டா வரும்?

தூரத்தில் வந்தாலும் மண் விடாது என்பதற்கு மெக்சிகோ வரை போக வேண்டாம். நம் நாட்டிலேயே 2001 ஜனவரி 26. ஈராற்றுப்பேட்டை அதிர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குடியரசு தினம், காலை எட்டே முக்கால், பிள்ளைகள் கொடியேற்றப் போயிருக்கிறார்கள். கட்ச் பகுதியில், பச்சாவ் பக்கம் பூமி உடைகிறது. புஜ் அழிந்தது, பச்சாவ் அழிந்தது, அது பக்கத்தில். ஆனால் அகமதாபாத்? இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே. அங்கே 700க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஊர் முழுக்க விழவில்லை. ஒரு அபார்ட்மென்ட் தரைமட்டம், நாலு தெரு தள்ளி ஓடுகூட நகரவில்லை. போய்ப் பார்த்த பொறியாளர்கள் இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஒன்று, விழுந்தவை பல சபர்மதியின் பழைய வண்டல்மேல், ஆறு ஒரு காலத்தில் ஓடிய தடத்தின்மேல், தூர்த்த குளத்தின்மேல் நின்றவை. இரண்டு, கார் நிறுத்தக் கீழ்த்தளத்தைச் சுவர் இல்லாமல் வெறும் தூணில் நிறுத்தியவை. மண் தள்ளியது, தூண் மடங்கியது.

ஆறு தடம் மாறினாலும் மண் மாறுவதில்லை. குளத்தைத் தூர்த்துப் பேர் மாற்றினாலும் அடியில் கிடக்கும் கரம்பை மாறுவதில்லை. சென்னை தியாகராய நகர் எங்கே நிற்கிறது? 1920களில் வடித்த மாம்பலம் பெரிய ஏரியில். வள்ளுவர் கோட்டம்? நுங்கம்பாக்கம் ஏரியில். பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரியில், கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியில். பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்தார் ஊரெங்கும் துளை போட்டு, மண்ணைச் சோதித்து, எந்தப் பகுதி எத்தனை மடங்கு கூடுதலாக ஆடும் என்று நுண்மண்டல வரைபடமே போட்டார்கள். சென்னைக்கும் அப்படிப்பட்ட வேலை நடந்திருக்கிறது. தேனி மாதிரி ஊர்களுக்கு? பெரிய நகரம் முடிந்த பிறகு வருவார்களாம். காத்திருந்த காலத்தில் நாம் என்ன செய்தோம்? நஞ்சையில் கல் ஊன்றினோம்.

பைபாஸ் ஓரமாக ஒரு நடை போய்ப் பாருங்கள். போன மழைக்கு நாற்று நட்ட வயல், இந்த மழைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல். பள்ளமான வயலை மேடேற்ற டிப்பரில் கிராவல் வருகிறது. கொட்டுகிறார்கள், ஜேசிபி நிரவுகிறது, அவ்வளவுதான். அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். எத்தனை இடத்தில் ஓட்டுகிறார்கள்? நாலடி கிராவலுக்கு நாலடி வானம் தோண்டிக் கடக்கால் போட்டால், அந்தக் கடக்கால் நிற்பது பூமியில் இல்லை, டிப்பர் லோடில். அடியில் நூறு வருஷம் பெரியாற்றுத் தண்ணீர் குடித்த வயல் களி அப்படியே இருக்கிறது.

நம் முன்னோர் இதைப் படித்துத் தெரிந்துகொண்டார்களா? இல்லை. ஆனால் நத்தம் எங்கே இருக்கிறது பாருங்கள். பழைய ஊர் எல்லாம் மேட்டில், கெட்டி மண்ணில். நல்ல வயலை வீட்டுக்கு வீணாக்கக் கூடாது, வெள்ளம் வரக் கூடாது என்று ஒதுங்கினார்கள். நிலநடுக்கத்தை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் பலன் அதற்கும் சேர்த்துக் கிடைத்தது. நான் பழம்பெருமை பேசுகிறவன் இல்லை. அவர்கள் சுண்ணாம்பும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர் ஒரு நல்ல உலுக்கலுக்குத் தாங்காது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை மகாராஷ்டிரத்துக் கில்லாரியில் 6.2 அளவுக்கு ஏறக்குறைய 10,000 உயிர் போனது. அவர்களைக் கொன்றது கல்லை மண்சாந்தில் அடுக்கிய தடித்த சுவர். இடம் நன்றாக இருந்து வீடு மோசமானாலும் சாவுதான். வீடு நன்றாக இருந்து இடம் மோசமானாலும் அதே கதிதான்.

மண் நீராவதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தளர்ந்த மணல், தண்ணீர் நிறைந்த மணல், பெரிய உலுக்கல். மூன்றும் சேர்ந்தால் மணல் தன் பிடியை விட்டுக் குழம்பாகிவிடும். 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிகள் உடையாமலேயே பக்கவாட்டில் சாய்ந்து படுத்தன. 1934 ஜனவரி 15 அன்று வந்த நிலநடுக்கத்தில் பீகாரில் வயலெங்கும் மணல் ஊற்று பீறிட்டது. அந்தச் சமயம் காந்தி தென்னிந்தியச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அந்த நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார். தாகூர் விடவில்லை; இயற்கை நிகழ்ச்சியை ஒழுக்கக் கணக்கில் எழுதாதீர்கள் என்று மறுத்தார். தீண்டாமையை எதிர்த்ததில் காந்தி சரி. மணல் ஊற்று விஷயத்தில் நான் தாகூர் கட்சி. நம் பள்ளத்தாக்கில் பதிவான அளவு அதிர்வுக்கு மணல் இப்படிக் குழம்பாவது அபூர்வம். ஆகவே இதை நினைத்து ரொம்பப் பயப்பட வேண்டாம். நம் கவலை உலுக்கல் பெருகுவதுதான்.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? கட்டட நிலநடுக்கத் தர நெறி ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பு மண்ணை மூன்று வகையாகப் பிரிக்கிறது: பாறை அல்லது கெட்டி மண், நடுத்தர மண், இளக்க மண். எப்படிப் பிரிப்பது? ஒரு குழாயை நட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் போட்டு அடிக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டும்? முப்பதுக்கு மேல் போனால் கெட்டி. பத்துக்கும் குறைவாக இறங்கிவிட்டால் இளக்கம். கொஞ்சம் உயரமான, ஒரு வினாடிப் போக்குள்ள கட்டடத்துக்கு இளக்க மண்ணில் பாறையைவிட 1.67 மடங்கு பக்கவிசை தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்கிறது நெறி. மண்டல வரைபடம் பரந்த பகுதிக்கு ஒரே நிறம் அடித்துவிடும். உங்கள் மனை கண்மாய்க் கரையா, கரட்டு ஓரமா என்று அந்த நிறத்துக்குத் தெரியாது. அந்தச் சுத்தியலுக்குத் தெரியும். பல லட்சம் போட்டுக் கட்டுகிறவர் அந்தச் சோதனைச் செலவுக்கு யோசிக்கிறார். கிரகப்பிரவேசப் பந்தலுக்கு யோசிப்பதில்லை.

கொத்தனார் அண்ணன்மார்களே, கம்பி கட்டும் தம்பிகளே, உங்களுக்கு ஒன்று. தூணில் ரிங் மாட்டுகிறீர்கள். ரிங்கின் முனையை 90 பாகையில் மடக்கி விடுகிறோம், வழக்கம் அப்படி. உலுக்கலில் மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த முனை விரிந்து கொள்ளும். ரிங் கழன்றால் தூணுக்குள் இருக்கும் நெட்டுக்கம்பி வெளியே பிதுங்கும். 135 பாகைக்கு மடக்கி, முனை தூணின் உள்ளே நோக்கி நிற்க வேண்டும். தூணின் தலையிலும் காலிலும் ரிங்கை நெருக்கிக் கட்ட வேண்டும். கம்பி கொஞ்சம்தான் கூடும், கைவலி கொஞ்சம் கூடும். பில்லர் இல்லாத சுவர் வீடு என்றால், நாலு சுவரையும் விடாமல் சுற்றி லிண்டல் மட்டத்தில் ஒரு கான்கிரீட் பட்டை. ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போடுவது பட்டை ஆகாது. கடை போட ஷட்டர் வேண்டும் என்று கீழ்த்தள முன்சுவர் முழுவதையும் எடுக்கச் சொன்னால், ‘பில்லரைப் பெருசாக்கணும் சார்’ என்று வீட்டுக்காரரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். உங்கள் பேச்சைக் கேட்கிற அளவுக்கு அவர் இன்ஜினியர் பேச்சைக் கேட்பதில்லை, எனக்குத் தெரியும்.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்ப்பீர்கள். கூடவே அ-பதிவேடு நகல் எடுத்துப் பாருங்கள். அதில் ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் தீர்வை போட எழுதத் தொடங்கிய கட்டம். நஞ்சையா, புஞ்சையா, பக்கத்தில் நீர்நிலைப் புறம்போக்கு ஓடுகிறதா என்று அந்த ஒரு தாள் சொல்லிவிடும். நஞ்சை என்றாலே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. நஞ்சை என்று தெரிந்தால் மண் சோதனை கேள். கடக்கால் கிராவலில் நிற்காமல் அடியில் இருக்கும் கெட்டி மண் வரை போகட்டும்.

போர் லாரிக்குத் திரும்பி வருகிறேன், நேரமாகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான துளை போட்டிருக்கிறோம். ஒவ்வொரு துளையும் ஒரு மண் ஆராய்ச்சி. காசு கொடுத்தது நாம், முடிவு யார் நோட்டிலும் இல்லை. கேசிங் பில்லில் மட்டும் இருக்கிறது. கூடலூரிலிருந்து தேனி வரை, போடியிலிருந்து பெரியகுளம் வரை, தெருவுக்கு ஒரு கேசிங் அளவு கிடைத்தால், எங்கே மண் ஆழம், எங்கே பாறை மேலே என்று ஒரு முதல் வரைபடம் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் சுத்தியல் அடிக்கலாம், எந்தத் தெருவில் அதிர்வுமானி வைக்கலாம் என்று முடிவு செய்யலாம். ரோட்டில் போகிற லாரியின் சின்ன அதிர்விலேயே மண்ணின் போக்கைப் பிடிக்கும் முறையை ஜப்பானின் நகமுரா 1989இல் எழுதினார். இன்று சில பொறியியல் கல்லூரிகளில் அந்த வேலைக்கான கருவி இருக்கிறது.

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வாசல் மேசையில் ஒரு பெரிய நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். போகும்போது தெருப் பெயர், கேசிங் எத்தனை அடி, மேலே வந்த மண் என்ன நிறம், இந்த மூன்றையும் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டு நம்பர் வேண்டாம், பேர் வேண்டாம். ஞாபகம் இல்லாதவர்கள் வீட்டில் பில்லைத் தேடி எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் கொண்டுவந்து தரலாம். கூடலூர்க்காரர்கள் முதலில் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் பஸ் முன்னால்.